குளிர்காலத்தில் பால் பைத்தான் தொட்டி: ஸ்ப்ரே அடித்தும் ஈரப்பதம் ஏன் நிற்பதில்லை?

கேள்வியின் சுருக்கம் இது. டொரொன்டோவில் அடுக்குமாடி வீடு. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை மூடி, உள்ளே இரண்டு வயது பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு). டிசம்பரிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை தண்ணீர் ஸ்ப்ரே அடித்தும் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. போன வாரம் பாம்பு சட்டையைத் துண்டு துண்டாக உரித்தது, ஒரு கண்ணில் பழைய தோல் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது. ஃபாகர் (தண்ணீரைப் புகைபோல விடும் கருவி) வாங்கலாமா? சென்னையில் இருக்கும் மைத்துனர் "ஒரு தண்ணிக் கிண்ணம் போதும், சும்மா அலட்டிக்காதே" என்கிறார், அது சரியா?

முதலில் கண்ணைப் பார்த்துவிடுவோம். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி மாதிரி ஒற்றைச் செதில் ஒன்று மூடியிருக்கும். சட்டையோடு சேர்ந்து அதுவும் கழன்று வர வேண்டும். உரித்த சட்டையைத் தூக்கிப் போடவில்லை என்றால் தலைப்பகுதித் துண்டைத் தேடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் வட்டமாக, லென்ஸ் போல மூடி இருந்தால் கண்ணில் எதுவும் ஒட்டவில்லை. நீங்கள் பார்ப்பது உடலில் நீர் குறைந்ததால் கண் மூடியில் விழுந்த குழியாக இருக்கலாம். ஒரு பக்கம் வெறும் ஓட்டையாக இருந்தால்தான் மூடி ஒட்டியிருக்கிறது.

ஒட்டியிருந்தாலும் நகத்தால் சுரண்டாதீர்கள், ட்வீசர் வேண்டாம், செல்லோடேப் ஒட்டிப் பிடுங்கும் வித்தை வேண்டவே வேண்டாம். அடியில் இருக்கும் புது மூடியும் சேர்ந்து கிழிந்தால் கண்ணே போய்விடும். ஒரு தலையணை உறையை வெதுவெதுப்பான தண்ணீரில், 28-30 டிகிரி போதும், நனைத்து நன்றாகப் பிழிந்து, பாம்பை அதற்குள் விட்டு, காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் அரை மணி நேரம் சூடான அறையில் வையுங்கள். துணிக்குள் அது நெளியும்போது உடம்பில் ஒட்டிய துண்டுகள் தானாகக் கழன்றுவிடும். தண்ணீரில் முக்கி வைப்பதைவிட இது பாம்புக்கு எவ்வளவோ மேல். நீந்த வைத்தால் பயந்து போய் அடுத்த இரையை மறுக்கும் பால் பைத்தான்கள் நிறைய. கண் மூடி மட்டும் வரவில்லையா, விட்டுவிடுங்கள். தொட்டியைச் சரிசெய்தால் பெரும்பாலும் அடுத்த சட்டையோடு போய்விடும். இரண்டு சட்டைக்கும் வராமல் நின்றாலோ, கண் வீங்கினாலோ ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும்.

கண்ணைவிட வால் நுனி அவசரம். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. அங்கே பழைய தோல் மோதிரம் போல நின்றுவிட்டால் காயக் காய இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, நுனி கறுத்து உதிர்ந்துவிடும். இன்றைக்கே பாருங்கள். கூடவே செதில்களின் இடுக்கில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் நகர்கின்றனவா என்றும் பாருங்கள். உண்ணி இருந்தாலும் சட்டை சரியாக உரியாது, அதற்கு வைத்தியமே வேறு.

சரி, ஈரப்பதத்துக்கு வருவோம்.

டொரொன்டோ குளிரில் நடப்பது இதுதான். வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 2.4 கிராம் நீராவிதான் இருக்க முடியும். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடானால், அதனால் 19 கிராமுக்கு மேல் தாங்க முடியும். ஆனால் கையில் இருப்பது அதே 2.4 கிராம். அதாவது 12 சதவீதம். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து அதை 20, 25 என்று ஏற்றி வைக்கின்றன. உங்கள் தொட்டிக்குள் போவது இந்தக் காற்று. அங்கே ஹீட் லேம்ப் அதை இன்னும் சூடாக்குகிறது. சூடான காற்று கம்பிவலை வழியாக மேலே போக, அந்த இடத்துக்கு அறையின் வறண்ட காற்று ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. உங்கள் தொட்டி 16 கன அடி, ஏறக்குறைய 0.45 கன மீட்டர். 27 டிகிரியில் 65 சதவீத ஈரப்பதம் வேண்டுமானால் உள்ளிருக்கும் காற்று முழுவதிலும் இருக்க வேண்டிய தண்ணீர் ஏழெட்டு கிராம்தான், ஒன்றரை டீஸ்பூன். நீங்கள் ஒரு தடவை ஸ்ப்ரே அடிப்பதே அதைவிட அதிகம். ஆகவே தண்ணீர் போதவில்லை என்பது பிரச்சினை அல்ல, அது நிற்கவில்லை என்பதுதான். தொட்டிக் காற்று மணிக்கு ஐந்து முறை மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், 65 சதவீதத்தைப் பிடித்து வைக்க நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கையில் பாட்டிலோடு நின்று யாரால் செய்ய முடியும்? ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. செய்ய வேண்டியவை இரண்டு: ஓட்டையைக் குறைப்பது, ஆவியை மெதுவாக விடுகிற ஈரக் கிடங்கு ஒன்றை அடியில் வைப்பது.

ஓட்டை என்பது மூடி. கம்பிவலையில் முக்கால் பங்கை மூடிவிடுங்கள். விளக்குக் கூட்டுக்குக் கீழேயும் அதைச் சுற்றிக் கொஞ்சமும் திறந்திருக்கட்டும், எதிர்மூலையில் ஒரு பட்டையும் திறந்திருக்கட்டும். அலுமினியத் தாள், வெட்டிய கண்ணாடி, அக்ரிலிக் பலகை எதுவானாலும் சரி. அக்ரிலிக் சூட்டில் வளையும், அதை விளக்கிலிருந்து தள்ளி வையுங்கள். அலுமினிய டேப்பை வலையின் மேல் நேரடியாக ஒட்டும் யோசனையைப் பலர் சொல்வார்கள். வலைக் கண் வழியாகப் பசை உள்பக்கம் தெரியும். இரவில் மேலே ஏறி மூக்கால் மூடியைத் தள்ளிப் பார்ப்பது பால் பைத்தானின் பழக்கம். பசையில் ஒட்டினால் செதிலோடு தோல் பிய்ந்து வரும். முதலில் தாளை விரித்து, டேப்பை ஓரச் சட்டத்தில் மட்டும் ஒட்டுங்கள். எந்த டேப்பும் தொட்டிக்குள் இருக்கக் கூடாது.

தொட்டியின் பின்பக்கத்துக்கும் இரண்டு பக்கங்களுக்கும் வெளியிலிருந்து தெர்மாகோல் பலகை வைத்துவிட்டால் இரட்டை லாபம். விளக்கு குறைவாக எரியும், குளிர்ந்த கண்ணாடியில் நீர் முத்துக்கள் கோப்பதும் குறையும். கண்ணாடியில் நீர் கோத்திருப்பதைப் பார்த்து ஈரம் அதிகமாகிவிட்டது என்று மூடியைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. பல நேரங்களில் அது கண்ணாடி குளிர்ந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். தொட்டி ஜன்னல் ஓரத்திலோ ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்திலோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். அறைக்கே ஒரு சாதாரண ஹியூமிடிஃபையர் வைத்து 35, 40 சதவீதத்தில் நிறுத்தினால் தொட்டியின் வேலை குறையும். உங்கள் தொண்டைக்கும் நல்லது. அதற்கு மேல் ஏற்றினால் ஜன்னலில் தண்ணீர் வழிந்து பூஞ்சை பிடிக்கும்.

ஈரக் கிடங்கு என்று சொன்னது படுகையை. கீழே என்ன பரப்பியிருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆஸ்பென் மரச் சீவல் என்றால் எடுத்துவிடுங்கள். நனைந்தால் இரண்டு நாளில் பூசணம். சீடார் மரத்தூள் எந்தப் பாம்புக்கும் ஆகாது, அதன் எண்ணெய் வாசனை நுரையீரலைக் கெடுக்கும். செய்தித்தாளும் டிஷ்யூ காகிதமும் புதிதாக வந்த பாம்பைத் தனிமையில் வைத்துப் பார்க்கும்போது மட்டும் சரி, ஈரம் பிடிக்காது. பால் பைத்தானுக்கு நான் சொல்வது தேங்காய் மட்டைச் சில்லும் நார்க்கழிவும் பாதிக்குப் பாதி கலந்தது, அல்லது சைப்ரஸ் மரச்சில்லு. பெட் கடையில் செங்கல் மாதிரி அழுத்திய கட்டியாக விற்கிறார்களே, அந்த நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்ததாக இருக்கலாம். நம் ஊரில் சாலையோரம் மலை மலையாகக் குவிந்து கிடந்த பொருளுக்கு இங்கே டாலர் எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தோட்டக் கடையில் வாங்கினால் கழுவியதா, உரம் கலக்காததா என்று பார்த்து வாங்குங்கள். சில கட்டிகளில் உப்பு இருக்கும்.

ஆழம் முக்கியம். இரண்டு விரற்கடைக்குப் போட்டால் ஒரே நாளில் காய்ந்துவிடும். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் போடுங்கள். உங்கள் தொட்டிக்கு அது 60, 70 லிட்டர் பிடிக்கும். அவ்வளவு படுகையில் சில லிட்டர் தண்ணீர் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். முதல் தடவை கையால் பிசைந்து கலந்து, பிடித்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது என்ற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் மேல் உலர்ந்த சில்லு இரண்டு சென்டிமீட்டர். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ நான்கு மூலைகளிலும் ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் என்று மெதுவாக ஊற்றினால் போதும். தண்ணீர் அடிக்கு இறங்கி, அங்கிருந்து ஆவியாக மேலே வரும். பாம்பின் வயிறு படுகிற இடம் காய்ந்தே இருக்கும்.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்ப்ரே இதற்கு நேர்மாறாகச் செய்கிறது: மேல்பரப்பை நனைக்கிறது, அடியைக் காய விடுகிறது. மீட்டர் பத்து நிமிடத்துக்கு 80 காட்டும், ஒரு மணி நேரத்தில் பழையபடி 35. பாம்பு மட்டும் நாள் முழுக்க ஈரத் தரையில் வயிற்றை வைத்துப் படுத்திருக்கும். வயிற்றுச் செதில்களில் செம்பழுப்புத் திட்டு, கொப்புளம், ஓரம் அரிப்பது என்று செதில் அழுகல் வருவது பெரும்பாலும் இப்படித்தான். ஆவிக்கும் ஈரத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் பிடிபடாதவர்கள்தான் "65 சதவீதம் வைத்தால் அழுகிவிடும், 50 போதும்" என்று எழுதுகிறார்கள்.

அவர்கள் சொல்லும் இன்னொரு வாதம்: பால் பைத்தான் கானா, டோகோ, பெனின் பக்கத்துச் சவன்னாப் புல்வெளிப் பாம்பு, அங்கே வறட்சி சகஜம். புல்வெளி வறண்டது என்பது உண்மைதான். நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சஹாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று வீசும்போது உதடு வெடிக்கும். ஆனால் பாம்பு அந்தக் காற்றிலா படுத்திருக்கிறது? எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் பகலைக் கழிக்கிறது. மண்ணுக்குள் ஈரம் வேறு கணக்கு. வானிலை நிலைய எண்ணைப் பார்த்துத் தொட்டியை அமைப்பது, தெருவின் வெயிலை அளந்து வீட்டுக்குள் இருப்பவருக்கு வியர்க்கிறது என்று சொல்வதற்குச் சமம். குளிர்ந்த பக்கத்தில் 60 முதல் 70, கண் நீலம் பூத்துச் சட்டைக்குத் தயாராகும் நாட்களில் 75 வரை. இதுதான் என் கணக்கு.

அந்த வளையை நீங்களும் செய்து கொடுக்கலாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, பக்கவாட்டில் பாம்பின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு ஓட்டை, ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். உள்ளே ஸ்ஃபாக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து போட்டு, சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் சேரும் இடத்தில் வையுங்கள். பாம்புக்கு வேண்டும்போது போய்ப் படுத்துக்கொள்ளும், வேண்டாதபோது வெளியே வரும். வழக்கமான உலர்ந்த மறைவிடங்கள் இரண்டும் அப்படியே இருக்கட்டும். பாசியை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மலம் பட்டால் அன்றைக்கே.

மீட்டரைப் பற்றி. முள் வைத்த வட்ட மீட்டரைப் பிய்த்து எறியுங்கள், அது எதையோ காட்டும். வயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் மீட்டர்) இரண்டு வாங்குங்கள், விலை அதிகமில்லை. வாங்கியதும் உப்புச் சோதனை செய்யுங்கள்: பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்து, கரைந்துவிடாமல் கூழ்போல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பலருடைய குழப்பமும். 25 டிகிரியில் காற்று 23 கிராம் தாங்கும், 32 டிகிரியில் கிட்டத்தட்ட 34 கிராம். தொட்டி முழுக்க 14 கிராம் நீராவி இருந்தால் குளிர்ந்த பக்கம் 60 சதவீதம், விளக்கின் கீழ் 41. காற்று ஒன்றேதான். சூடான பக்கத்தில் 65 வேண்டும் என்று துரத்தினால் குளிர்ந்த பக்கம் சேறாகிவிடும். ஒரு சென்சார் குளிர்ந்த பக்கத்தில் தரையோடு, மற்றொன்று ஈர டப்பாவுக்குள். விளக்கின் கீழே வெப்பத்தை மட்டும் பாருங்கள்: 31-33. குளிர்ந்த பக்கம் 25க்குக் கீழே போக வேண்டாம். இரவில் எண் ஏறுவதும் பகலில் இறங்குவதும் இதே காரணத்தால்தான், அதற்காக எழுந்து உட்கார வேண்டியதில்லை. விளக்கை, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டில் மாட்டியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் முதல் செலவு அதுதான்.

சட்டை விஷயத்தில் ஒரு சின்ன விளக்கம். புதுத் தோல் உருவானதும் பழையதற்கும் புதியதற்கும் இடையே திரவம் ஊறி இரண்டையும் பிரிக்கிறது. கண் நீலமாக மங்குவது அந்தத் திரவத்தால். பிறகு கண் தெளியும், அதற்குச் சில நாள் கழித்து உரிக்கும். உடம்பிலேயே நீர் குறைவாக இருந்தால் இந்தப் பிரிவினை சரியாக நடக்காது. கண் நீலமான பிறகு ஓடி ஓடி ஸ்ப்ரே அடிப்பதால் பெரிய பயன் இல்லாததற்குக் காரணம் இதுதான். மாதம் முழுக்க ஈரம் சீராக இருக்க வேண்டும். செதில்தான் பாம்பைக் காயாமல் காக்கிறது என்று நாம் நினைப்பதும் முழுக்கச் சரியில்லை. செதில் இல்லாமல் பிறந்த கோஃபர் பாம்பு ஒன்றைச் சோதித்த ஆய்வு 1972இல் வந்தது. செதிலுள்ள பாம்பைவிட அது கூடுதலாக நீர் இழக்கவில்லை. தடுப்பது தோலில் உள்ள கொழுப்புப் படலம்.

ஃபாகர்? நான் வாங்க மாட்டேன். மீயொலியால் தண்ணீரைத் துளித்துளியாக உடைத்துப் புகைபோல அனுப்பும் கருவி அது. அந்தத் துளிகளில் பல படுகையின் மேல் விழுந்து மறுபடி மேல்பரப்பை நனைக்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள சுண்ணாம்பு வெள்ளைப் பொடியாகக் கண்ணாடியிலும் பாம்பின் மூச்சிலும் படியும். கருவியின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவாமல் விட்டால் அதில் வளர்ந்த பாக்டீரியாவும் கூடவே போகும். பச்சை மர மலைப்பாம்பு போன்றவற்றை வைத்திருப்பவர்கள் நல்ல காற்றோட்டத்தோடு மிஸ்டிங் அமைப்பு வைப்பது வேறு விஷயம்.

எல்லாம் செய்த பிறகு கவனிக்க வேண்டியது மறுபக்கம். ஈரமும் குளிரும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் மூச்சுத் தொற்று வரும். விசில் போன்ற மூச்சுச் சத்தம், மூக்கிலோ வாயிலோ குமிழி, வாயைத் திறந்தபடி தலையைத் தூக்கி வைத்திருப்பது, இதில் எது தெரிந்தாலும் ஈரப்பதத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சட்டை உரிக்கும் நாட்களில் மட்டும் லேசான விசில் கேட்டால் மூக்கில் தோல் துண்டு மாட்டியிருக்கலாம், உரித்த பிறகு நின்றுவிடும்.

உங்கள் மைத்துனரும் பொய் சொல்லவில்லை. சென்னையில் கடல்காற்று வருகிற வீட்டில் அறையிலேயே ஆண்டின் பெரும்பகுதி 60க்கு மேல் இருக்கும். தண்ணீர்க் கிண்ணம் ஒன்று உண்மையிலேயே போதும், அவருடைய தொல்லை ஐப்பசி கார்த்திகையில் படுகை பூசணம் பிடிப்பதாக இருக்கும். இரவு பகலாக ஏசி ஓடும் அறை என்றால் அவருக்கும் உங்கள் கதைதான். ஆனால் அவரிடம் ஒன்று கேளுங்கள்: பதிவு செய்தாரா? பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸின் (CITES) இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். 2022இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு இந்தியாவில் அப்படிப்பட்ட அயல்நாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். சாரை, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைப்பதற்கோ அனுமதியே இல்லை.

இங்கே எழுதிய எண்கள் பால் பைத்தானுக்கு மட்டும். கார்ன் பாம்புக்கு 40-50 தாராளம், கென்ய மணல் போவாவுக்கு அதற்கும் கீழே, பிரேசில் வானவில் போவாவுக்கு 75க்கு மேல் இல்லையென்றால் ஆபத்து. பக்கத்து வீட்டுத் தொட்டியைப் பார்த்து அமைக்காதீர்கள்.

மூடியையும் படுகையையும் இந்த வார இறுதியில் மாற்றிவிட்டு, மூன்று நாள் எதையும் தொடாமல் மீட்டரை மட்டும் காலையும் இரவும் குறித்து வாருங்கள். 60க்குக் கீழே நின்றால் மூலைகளில் இன்னும் ஒரு லிட்டர், 75ஐத் தாண்டி நின்றால் மூடியில் ஒரு கை அகலம் திறப்பு. ஜூன் பிறந்து ஒன்டாரியோ ஏரிப் புழுக்கம் வந்ததும் மூடிய தாளில் பாதியை எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திப் பாருங்கள்.